எது பழுதானாலும் நின்றுவிடும் புரோகிராம்: தொழிற்சாலைப் பாதுகாப்புக்குப் பிஎல்சி எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

மோட்டரை ஓட்டவும் நிறுத்தவும் பிஎல்சியில் (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினியில்) எழுதத் தெரிந்தவர்களுக்கானது இது. லேடர் (ஏணி வடிவில் எழுதும் பிஎல்சி மொழி) என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கப்போவதில்லை. திருகோணமலையில் கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலைக்கோ சீனக்குடாப் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்கோ புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இயந்திரத்தை ஓடவைப்பது சீக்கிரமே கைவந்துவிடுகிறது. எது கெட்டாலும் அது தானே அடங்கிவிட வேண்டும் என்று எழுதும்போதுதான் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் வேலையின் வரிசை மாறிப்போவதே காரணம். முதலில் கணினியைத் திறந்துவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே தொழிற்சாலையைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்துப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் அளவிலான ஒரு தொழிற்சாலை. உள்ளே அமோனியா கம்பிரஸர் அறை, திரவ அமோனியா வரும் குழாயில் ஒரு மின்வால்வு, பிறகு ஐஸ் பாளங்களை நொறுக்கும் முள் உருளை இயந்திரம். வாயு கசியலாம், கை உருளைக்குள் போகலாம். இந்த இரண்டு ஆபத்துகளுக்காகத்தான் எழுதப்போகிறோம்.

1. கணினிக்கு முன் மேசைக்கு வரவேண்டியவை

முதலில் வேண்டியது ஆபத்து மதிப்பீடு. காயம் எவ்வளவு கடுமையாக இருக்கும், ஆள் எத்தனை அடிக்கடி அந்த இடத்துக்குப் போகிறார், ஆபத்து வரும்போது விலக முடியுமா ஆகிய மூன்று கேள்விகளை வைத்து ஐஎஸ்ஓ 13849-1 என்ற சர்வதேசத் தரநிலை, பாதுகாப்பு எவ்வளவு நம்பகமாக இருக்க வேண்டும் என்று ஒரு தரத்தைச் சொல்கிறது. மிகக் குறைந்தது ‘ஏ’, மிகக் கடுமையானது ‘ஈ’. நம் உருளையில் கை போனால் கை திரும்பி வராது. தொழிலாளி நாள் முழுக்க அதன் அருகில்தான் நிற்கிறார். இந்த இரண்டும் சேர்ந்தால் ‘டி’ அல்லது ‘ஈ’தான் வரும். வாயுப் பக்கத்துக்கு ஐஈசி 61511 சொல்லும் ‘சில்’ எனும் பாதுகாப்பு நம்பக நிலைகளைப் பயன்படுத்துவார்கள். தரத்தைப் புரோகிராம் எழுதுபவர் தனியாக முடிவு செய்யக் கூடாது. பொறியியலாளர், முதலாளி, அந்த இயந்திரத்தில் தினமும் நிற்பவர் ஆகிய மூவரும் மேசையில் இருக்க வேண்டும். மூன்றாமவரைக் கூப்பிடத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

தரம் தெரிந்தால் எந்தக் கருவி என்பதும் தெரிந்துவிடும். சாதாரண பிஎல்சியின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் கெட்டுப்போய் ‘ஒன்’ நிலையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். புரோகிராம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அதற்கு இது தெரியாது. ஆகவே பாதுகாப்பு வேலைக்குப் பாதுகாப்பு ரிலே அல்லது பாதுகாப்புப் பிஎல்சி வேண்டும். அதற்குள் இரண்டு வழிகள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்கின்றன. “இருக்கிற பிஎல்சியில் இரண்டு உள்ளீடு மிச்சம் இருக்கிறதே” என்று முதலாளி சொல்வார். அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது காரண–விளைவு அட்டவணை. இடது பக்கம் காரணங்கள்: கதவு திறந்தது, அவசர நிறுத்தப் பட்டன் அமுக்கப்பட்டது, வாயு அளவு கூடியது, மின்தடை. மேலே விளைவுகள்: உருளை, கம்பிரஸர், வால்வு, விசிறி, சைரன். சந்திக்கும் கட்டங்களில் என்ன நடக்க வேண்டும் என்று நிரப்புங்கள். ஒரு கட்டத்தை நிரப்பத் தயங்கினால், அந்தக் கேள்விக்குத் தொழிற்சாலையில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்று பொருள். புரோகிராமில் போய் அதை ஊகிக்காதீர்கள்.

ஆபத்தான இயந்திரப் பகுதிக்கு வேலியடைக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த வேலிக்குப் பதிலாக ஒரு புரோகிராம் வரவே முடியாது.

2. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பாதுகாப்பான நிலை எது?

“எல்லாவற்றையும் நிறுத்திவிடு” என்பது புதியவர்களின் பதில். உருளைக்கும் கம்பிரஸருக்கும் அது சரி. திரவ அமோனியா வால்வு மின்சாரம் போனால் ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும் வகையாக இருக்க வேண்டும். அதுவும் எளிதுதான்.

விசிறியில்தான் சிக்கல். வாயு கசியும்போது விசிறி ஓட வேண்டும். அதாவது அதன் பாதுகாப்பான நிலை ஓட்டம். பிஎல்சி செத்துப்போனால் அதன் வெளியீடுகள் எல்லாம் பூச்சியமாகிவிடும், விசிறியும் நின்றுவிடும். இதற்கு வழி வயரிங்கில் இருக்கிறது. பிஎல்சி வெளியீடு ஒரு சிறு ரிலேயை (மின்காந்தத்தால் மாறும் சுவிட்சை) பிடித்து வைத்திருக்கட்டும். அந்த ரிலே விழுந்தால் அதன் வழமையில் மூடிய (மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும்) தொடுகை விசிறியின் கொன்டக்டரை (மோட்டருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்சை) இழுக்கட்டும். இப்போது பிஎல்சி இறந்தாலும் விசிறி ஓடும். ஊர் மின்சாரமே போனால்? விசிறிக்கு ஜெனரேட்டர் பக்கத்திலிருந்து தனி வழி வேண்டும். அதைப் புரோகிராமால் தர முடியாது, முதலாளிதான் தர வேண்டும். அட்டவணையில் அதை எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கதவுப் பூட்டையும் இப்படியே யோசியுங்கள். முள் உருளை கனமானது. மின்சாரத்தை வெட்டியபின்பும் சுழன்றுகொண்டிருக்கும். ஐஎஸ்ஓ 13855 நடந்து வரும் மனிதனுக்கு நொடிக்கு 1600 மில்லிமீற்றர் வேகத்தைக் கணக்கில் எடுக்கிறது. உருளை அடங்க 3 நொடி எடுத்தால், அதற்குள் ஆள் கடக்கும் தூரத்துக்கு 1600ஐ 3ஆல் பெருக்க வேண்டும்: 4.8 மீற்றர். கதவைத் திறந்ததும் உருளை நிற்கத் தொடங்குவது மட்டும் போதாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. உருளை நின்றபின்புதான் கதவு திறக்க வேண்டும். ஆகவே ஸ்பிரிங்கால் பூட்டி, மின்சாரம் கொடுத்தால் மட்டும் திறக்கும் பூட்டைப் போடுங்கள். மின்தடை வந்து உருளை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்துவிடக் கூடாது.

3. வயரிங்: மின்னோட்டம் இருந்தால் நலம், இல்லாவிட்டால் ஆபத்து

அவசர நிறுத்தப் பட்டன், கதவுச் சுவிட்ச், இழுகயிற்றுச் சுவிட்ச் எல்லாமே என்சி, அதாவது வழமையில் மூடியிருக்கும் தொடுகையாக இருக்க வேண்டும். நலமாக இருக்கும்போது 24 வோல்ட் பிஎல்சிக்கு வந்துகொண்டே இருக்கும். பட்டனை அமுக்கினால் அது நிற்கும். வயர் அறுந்தாலும், முனை கழன்றாலும், ஃபியூஸ் போனாலும் நிற்கும். திறந்திருக்கும் தொடுகையைப் போட்டால் அறுந்த வயர் பல மாதங்கள் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். பட்டனை உயிர் போகிற அவசரத்தில் அமுக்கும்போதுதான் தெரியவரும்.

நம் ஊரில் இது வெறும் பாடப்புத்தக அறிவுரை அல்ல. கடற்காற்றின் உப்பு ஒரு பக்கம். அமோனியா செம்பையும் பித்தளையையும் அரிப்பது மறுபக்கம். கம்பிரஸர் அறையில் இருக்கும் முனைகள் நீலப்பச்சை பூத்துத் தொடர்பை இழக்கும். பல்லி வேறு பெனலுக்குள் புகுந்து குறுக்குத் தொடர்பைக் கொடுக்கும். கேபிள் நுழையும் துளைகளை அடைக்காமல் விட்டுப்போகும் பழக்கம் ஏன்தான் இத்தனை பரவலாக இருக்கிறதோ தெரியாது.

குறுக்குத் தொடர்பில்தான் என்சி தொடுகை தோற்கிறது. இரண்டு வயர்கள் உரசி ஒட்டிக்கொண்டால் பட்டனை அமுக்கியபின்பும் 24 வோல்ட் வந்துகொண்டிருக்கும். அதனால்தான் இரண்டு தனித் தொடுகைகள், இரண்டு தனி வழிகள். பாதுகாப்புப் பிஎல்சி ஒவ்வொரு வழியிலும் வேறு வேறு சோதனைத் துடிப்பை அனுப்பி, ஒன்று மற்றதில் கலந்தால் கண்டுபிடித்துவிடும். அந்த வசதியை அமைப்புகளில் ‘ஓஃப்’ செய்துவிட்டு வேலையை முடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது புதியவர்கள் மிக அதிகமாக விழும் குழி. சுவிட்ச் என்சி என்பதால் லேடரிலும் என்சி குறியையே போடுகிறார்கள். கணக்குப் பாருங்கள். கதவு மூடியிருக்கிறது, தொடுகை மூடியிருக்கிறது, 24 வோல்ட் வருகிறது, பிட் 1. என்சி குறி அந்த 1ஐத் தலைகீழாக்கி 0 ஆக்குகிறது. இயந்திரம் ஓடாது. கதவைத் திறந்தால் ஓடும்! அதைப் பார்த்துப் பதறி, வயரைத் திறந்த தொடுகைக்கு மாற்றுகிறார்கள். இயந்திரம் சரியாக வேலை செய்வது போல் தெரியும், ஆனால் வயர் அறுந்ததைக் கண்டுபிடிக்கும் திறன் முழுதாகப் போய்விடும். சுவிட்ச் வெளியே எந்த வகையாக இருந்தாலும் சரி, லேடரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த பிட் 1 ஆக இருக்கும்போது இயந்திரம் ஓடலாமா? ஓடலாம் என்றால் சாதாரணத் திறந்த குறிதான்.

வால்வில் இது மறுபடி குழப்பும். வழமையில் மூடிய சுவிட்ச் மின்சாரத்தை விடும், வழமையில் மூடிய வால்வு திரவத்தை விடாது. கொள்முதல் பட்டியலில் கையெழுத்துப் போடுமுன் இதைப் பாருங்கள்.

4. பெயர்கள்

‘கதவு’ என்று பெயர் வைக்காதீர்கள். 1 என்றால் திறந்ததா மூடியதா? ‘கதவு_மூடியது’, ‘அவசர_நிறுத்தம்_சரி’, ‘வாயு_சரி’ என்று, 1 ஆக இருக்கும்போது உண்மையாகும் வாக்கியமாகப் பெயர் வையுங்கள். மென்பொருள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளைத்தான் ஏற்கும். அப்படியானாலும் ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழில் குறிப்பு எழுதலாம். திரையில் வரும் எச்சரிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் போடுங்கள், இரவு முறையில் யார் நிற்பார் என்று உங்களுக்குத் தெரியாது. “தவறு 17” என்பது எந்த மொழியிலும் செய்தி அல்ல. “கதவு: இரண்டாவது சுவிட்ச் ஒத்துப்போகவில்லை” என்பதுதான் செய்தி.

5. ‘நில்’ என்று எழுதாதீர்கள், ‘ஓடலாம்’ என்று எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதியவர் எழுதும் விதம்: கதவு திறந்தால் நிறுத்து, பட்டன் அமுக்கினால் நிறுத்து, வாயு கூடினால் நிறுத்து. நிறுத்துவதற்கான காரணங்களைத் தேடித் தேடி எழுதுகிறார். அவர் நினைக்காத காரணம் ஒன்று வந்தால் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும். தலைகீழாக எழுத வேண்டும். ஓடுவதற்கு என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று அடுக்குங்கள். அவற்றில் ஒன்று காணாமல்போனாலும் ஓட்டம் தானே நிற்கும். நினைக்காத காரணங்களையும் இது பிடித்துக்கொள்ளும். நம் உருளைக்கு (ரீசெட்டும் கொன்டக்டரும் 6, 9ஆம் பகுதிகளில் வரும்):

கதவு_சரி = கதவு_அ_மூடியது மற்றும் கதவு_ஆ_மூடியது மற்றும் கதவு_ஒத்துப்போகிறது

உருளை_அனுமதி = அவசர_நிறுத்தம்_சரி மற்றும் கதவு_சரி மற்றும் கொன்டக்டர்_சரி மற்றும் ரீசெட்_ஆனது

உருளை_கட்டளை = உருளை_அனுமதி மற்றும் நிறுத்தப்பட்டன்_சரி மற்றும் (தொடக்கப்பட்டன் அல்லது உருளை_ஓடுகிறது)

மூன்றே வரிகள். இரவு 2 மணிக்கு இயந்திரம் நின்றால், புரோகிராமை எழுதாத ஒருவர்கூட இரண்டாவது வரியைப் பார்த்து எது குறைகிறது என்று சொல்லிவிடலாம். தெளிவாக எழுதுவதை அழகுக்காகச் சொல்லவில்லை. புரியாத புரோகிராமை யாரும் திருத்துவதில்லை, ஒரு துண்டு வயரால் தாண்டிவிடுகிறார்கள்.

சில விதிகளை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வெளியீட்டை ஓர் இடத்தில் மட்டும் எழுதுங்கள். இரண்டு இடத்தில் எழுதினால், ஸ்கானில் (பிஎல்சி புரோகிராமை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடும் சுற்றில்) கடைசியாக வரும் வரியே வெல்லும், முதல் வரியில் உள்ள பாதுகாப்பு நிபந்தனை வீணாகும். ‘செட்’, ‘ரீசெட்’ சுருள்களைப் பாதுகாப்பு வெளியீட்டில் பயன்படுத்தாதீர்கள். ‘செட்’ செய்த பிட் அதை எடுக்கும் வரி ஓடாத ஸ்கானிலும் 1 ஆகவே நிற்கும். தாவல் கட்டளையும் வேண்டாம், சுழலும் வேண்டாம். பாதுகாப்புப் பகுதியையும் சாதாரணக் கட்டுப்பாட்டையும் தனித்தனியாக வையுங்கள். சாதாரணப் பகுதி பாதுகாப்பு பிட்டைப் படிக்கலாம், மாற்றக் கூடாது.

6. ரீசெட்

அவசர நிறுத்தப் பட்டனை விடுவித்ததும் இயந்திரம் தானாக ஓடக் கூடாது. ரீசெட் பட்டனை அமுக்கினாலும் ஓடக் கூடாது. ரீசெட் என்பது மறுபடி தொடங்குவதற்கான அனுமதி மட்டுமே. தொடங்குவதற்குத் தனிப் பட்டன்.

ரீசெட் சமிக்ஞையை அதன் விளிம்பில் எடுங்கள், அதுவும் பட்டனைக் கைவிடும் விளிம்பில். அமுக்கும்போது 1, விடும்போது 0. அந்த 1இலிருந்து 0க்கு மாறுவதே ரீசெட். ஏன் இந்த வம்பு? நிலையை மட்டும் பார்த்து எழுதினால், பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிடுவார்கள். கதவை மூடிய கணமே ரீசெட் ஆகிவிடும். அமுக்கும் விளிம்பில் எடுத்தாலோ, பட்டனின் தொடுகை ஒட்டிக்கொண்ட நிலையில் மின்சாரம் திரும்பும்போது அதுவே 0இலிருந்து 1க்கு மாறும் விளிம்பாகத் தெரியலாம்.

பட்டன் இருக்கும் இடமும் முக்கியம். அங்கே நின்றால் ஆபத்துப் பகுதி முழுக்கக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆனால் ஆபத்துப் பகுதிக்குள் இருந்தபடி கைக்கு எட்டக் கூடாது. அலுவலக அறைத் திரையில் ரீசெட் வைத்துத் தரச் சொல்லிக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

7. வாயு அளவி: 4 முதல் 20 மில்லியம்பியர்

அமோனியா அளவி ஒன்று 0 முதல் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை காட்டும் என்று வைத்துக்கொள்வோம். அது அளவை மின்னோட்டமாக அனுப்பும்: 4 மில்லியம்பியர் என்றால் 0 பிபிஎம், 20 என்றால் 100. எச்சரிக்கை 25 பிபிஎம்மில். அது 8 மில்லியம்பியர். வால்வை மூடிக் கம்பிரஸரை நிறுத்துவது 35 பிபிஎம்மில், அது 9.6. (10 மணிநேரம் வரையான வேலைநாளுக்கு 25, குறுகிய நேரத்துக்கு 35 என்பது அமெரிக்க நியோஷ் நிறுவனத்தின் பரிந்துரை. உயிருக்கு உடனடி ஆபத்தாக அது சொல்லும் அளவு 300. உங்கள் ஆலைக்கான எண் ஆபத்து மதிப்பீட்டிலிருந்து வர வேண்டும்.)

இப்போது வயர் அறுகிறது. மின்னோட்டம் பூச்சியம். மாற்றும் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 0இலிருந்து 4ஐக் கழித்து, 16ஆல் வகுத்து, 100ஆல் பெருக்கினால் கழித்தல் 25 பிபிஎம். அறையில் அமோனியா இல்லாததைவிடவும் குறைவாக இருக்கிறதாம்! 35ஐவிடக் கூடினால் நிறுத்து என்று எழுதிய புரோகிராம் இதைப் பார்த்து நிம்மதியாக இருக்கும்.

ஆகவே ‘வாயு_சரி’ மூன்று நிபந்தனைகளால் ஆனது: மின்னோட்டம் 3.6 மில்லியம்பியருக்கு மேல், 21க்குக் கீழ், மதிப்பு 35 பிபிஎம்முக்குக் கீழ். 3.6, 21 என்ற எல்லைகள் தொழிற்சாலைத் தன்னியக்கத்தைப் பயன்படுத்துவோரின் நமூர் அமைப்பின் என்ஈ 43 பரிந்துரையில் உள்ளவை. பல கருவிகள் பழுதானால் வேண்டுமென்றே அந்த எல்லைக்கு வெளியே போகும்படி செய்யப்பட்டிருக்கின்றன. வயர் அறுந்தால் உள்ளீட்டு அட்டை என்ன எண்ணைக் காட்டும் என்பது அட்டைக்கு அட்டை வேறுபடும். கையேட்டைப் படித்தபின் வயரைக் கழற்றிக் கண்ணாலும் பாருங்கள்.

கெட்டுப்போன அளவி எப்போதும் எல்லைக்கு வெளியே போவதில்லை. சில வேளை ஓர் எண்ணிலேயே உறைந்துவிடும். 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் அப்படித்தான் நடந்தது. தாங்கியில் பெற்றோல் ஏறிக்கொண்டிருக்க, மட்டம் காட்டும் அளவி அசையாமல் நின்றது. கடைசிக் காவலாக இருந்த தனி உயர்மட்டச் சுவிட்சும் வேலை செய்யாத நிலையில் விடப்பட்டிருந்தது. பெற்றோல் வழிந்து, ஆவி முகிலாகப் பரவி வெடித்தது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைத் தினமும் பார்த்துக்கொண்டு போகும் நமக்கு இதைக் கற்பனை செய்வது கடினமல்ல. நிரப்பும் பம்பு ஓடியும் மட்டம் மாறாவிட்டால் அதைப் பழுதாகக் கொள்ளும் ஒரு வரியைப் புரோகிராமில் எழுதலாம். வாயு அளவிக்கு அப்படி எழுத முடியாது, பூச்சியத்திலேயே நிற்பதுதான் அதன் வழமை. ஆகவே சோதனை வாயுவைக் காட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு அளவிகள் வைத்தால், இரண்டில் ஒன்று சொன்னாலே நிறுத்துங்கள். பழுதான அளவியை ‘ஆபத்து’ என்று சொன்னதாகவே எண்ணுங்கள். பொய் அலாரம் வரும் என்று டைமரை நீட்டாதீர்கள். சமிக்ஞை ஆடாமல் இருக்க ஒரு சிறு தாமதம் போதும். அதுவும் அளவி உணரும் நேரம், வால்வு மூடும் நேரம் ஆகியவற்றோடு கூட்டி, கசிவு ஆளை எட்டும் நேரத்துக்குள் அடங்க வேண்டும்.

8. மின்சாரம் போய் வரும் நேரம்

2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க மின்சாரம் போனது போன்ற நீண்ட மின்தடைகளில் ஆபத்து குறைவு. பிஎல்சியும் இறந்துவிடும், திரும்பி எழும்போது எல்லாம் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அதற்கும் ஒரு நிபந்தனை: பாதுகாப்பு பிட்டுகள் மின்தடையிலும் மறக்காத நினைவகத்தில் இருக்கக் கூடாது. முதல் ஸ்கானில் ‘ரீசெட்_ஆனது’ 0 ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

சில நொடி மின்வெட்டுத்தான் ஏமாற்றும். வாடைக்காற்றுக் காலத்தில் மரக்கிளை கம்பியில் உரச, விளக்கு அணைந்து சில நொடியில் திரும்பி வருமே, அது. கொன்டக்டரின் சுருள் மின்சாரம் போன கணமே விழுந்துவிடும். பிஎல்சியோ 24 வோல்ட் யூபிஎஸ்ஸில் உயிரோடு இருக்கிறது. அதன் கணக்கில் எதுவுமே நடக்கவில்லை. உருளை_கட்டளை 1 ஆகவே இருக்கிறது. தொழிலாளி உருளை அடங்கிவிட்டது என்று நினைத்துச் சிக்கிய ஐஸ் கட்டியை எடுக்கக் கிட்டப் போகிறார். மின்சாரம் திரும்புகிறது. கொன்டக்டர் தானாக இழுக்கிறது.

5ஆம் பகுதியின் மூன்றாவது வரியை மறுபடி பாருங்கள். அடைப்புக்குள் இருப்பது ‘உருளை_கட்டளை’ அல்ல, ‘உருளை_ஓடுகிறது’. இது கொன்டக்டரின் துணைத் தொடுகையிலிருந்து வரும் உண்மையான உள்ளீடு. கொன்டக்டர் விழுந்தால் இந்த பிட் விழும், கட்டளையும் விழும். மின்சாரம் திரும்பினாலும் யாராவது தொடக்கப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். கட்டளையைக் கட்டளையாலேயே பிடித்துவைக்கும் பழக்கம் பாடசாலைப் பயிற்சியில் வந்தது. அங்கே மின்சாரம் இமைப்பதில்லை. மூன்று கட்டங்களையும் பார்க்கும் ரிலே ஒன்றையும் அனுமதி வரியில் சேர்த்துக்கொண்டால் ஜெனரேட்டருக்கு மாறும் நேரமும் அடங்கிவிடும்.

9. கொன்டக்டர் உண்மையில் விழுந்ததா?

பிஎல்சி வெளியீட்டை 0 ஆக்கிவிட்டது. கொன்டக்டரின் தொடுகைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தால் உருளை ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே இரண்டு கொன்டக்டர்களைத் தொடராக வையுங்கள். ஒன்று ஒட்டினாலும் மற்றது வெட்டும். இரண்டின் கண்ணாடித் தொடுகைகளையும், அதாவது முதன்மைத் தொடுகை ஒட்டினால் மூடவே முடியாத வழமையில் மூடிய துணைத் தொடுகைகளையும், தொடராக்கிப் பிஎல்சிக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கட்டளை 0 ஆகி அரைநொடிக்குள் அந்த உள்ளீடு 1 ஆகாவிட்டால் ‘கொன்டக்டர்_சரி’ விழட்டும், அடுத்த தொடக்கம் தடைபடட்டும். இதைச் செய்யாவிட்டால், ஒட்டிய முதலாவது கொன்டக்டர் யாருக்கும் தெரியாமல் கிடக்கும், இரண்டாவது ஒட்டும் நாள்வரை.

10. பைபாஸ்

பைபாஸ் (ஒரு பாதுகாப்பைத் தற்காலிகமாக விலக்கும் வழி) இல்லாத புரோகிராம் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். வாயு அளவியைச் சீர்செய்யும்போது அதை விலக்கித்தான் ஆக வேண்டும். வழி இல்லாவிட்டால் பெனலுக்குள் ஒரு துண்டு வயர் முளைக்கும். அது எந்தத் திரையிலும் தெரியாது. சாவிச் சுவிட்ச், ஒரே நேரத்தில் ஓர் அளவிக்கு மட்டும், நேர வரம்பு, அதுவரை விட்டு விட்டு ஒலிக்கும் எச்சரிக்கை, யார் எப்போது என்ற பதிவு. நேரம் முடிந்தால் பைபாஸ் தானே விலகட்டும். உருளையின் கதவுக்கும் அவசர நிறுத்தப் பட்டனுக்கும் பைபாஸ் கிடையாது.

11. சோதனை: வேலை செய்கிறதா என்று அல்ல, கெடுத்தால் நிற்கிறதா என்று

இயந்திரம் ஓடுவதைப் பார்த்துக் கைகுலுக்கிவிட்டுப் போவதுதான் இங்கே மிகப் பெரிய தவறு. காரண–விளைவு அட்டவணையை எடுத்து ஒவ்வொரு கட்டமாக, உண்மையான கருவியில் சோதியுங்கள். கணினித் திரையில் பிட்டை மாற்றிப் பார்ப்பது புரோகிராமைச் சோதிக்கும், வயரைச் சோதிக்காது.

கதவுச் சுவிட்ச் இரண்டில் ஒன்றின் வயரை மட்டும் கழற்றுங்கள். நிற்க வேண்டும், திரும்ப மாட்டினாலும் ரீசெட் இல்லாமல் ஓடக் கூடாது. ரீசெட் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி மற்றவரைக் கதவை மூடச் சொல்லுங்கள். உருளை ஓடும்போது பிரதான சுவிட்சைத் தட்டி உடனே போடுங்கள். கொன்டக்டரின் திரும்பல் வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். அளவியின் வயரைக் கழற்றுங்கள், பிறகு சோதனை வாயுவைக் காட்டுங்கள். பிஎல்சியை ‘ஸ்டொப்’ நிலைக்கு மாற்றுங்கள், விசிறி ஓடுகிறதா? உருளை அடங்க எடுக்கும் நேரத்தை நிறுத்தற் கடிகாரத்தால் அளந்து, பூட்டு அதற்கு முன் திறக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். முள் தேயும்போதும் பெல்ட் மாறும்போதும் இந்த நேரம் மாறும். எழுதி வைத்தால்தான் அடுத்த வருடம் ஒப்பிடலாம்.

சோதிப்பவர் புரோகிராமை எழுதியவராக இல்லாமல் இருப்பது நல்லது. எழுதியவருக்கு எங்கே கெடாது என்று தெரியும், அங்கேதான் சோதிப்பார்.

12. ஒப்படைப்பு

புறப்படுமுன் ‘ஃபோர்ஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள். சோதனைக்காகப் பலவந்தமாக 1 ஆக்கிய உள்ளீடு ஒன்று அதில் மறைந்திருந்தால் மேலே எழுதியவை எல்லாம் வீண்.

பிஎல்சியின் சாவியை ஓட்ட நிலைக்குத் திருப்பி, சாவியைக் கழற்றிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். 2017இல் மத்திய கிழக்கின் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையில் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவியையே குறிவைத்த ‘டிரைட்டன்’ என்ற தீநிரல் புகுந்தபோது, சாவி புரோகிராம் மாற்றும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது அதற்கு வழிவிட்டது.

பாதுகாப்புப் பிஎல்சி தன் புரோகிராமுக்கு ஒரு கையொப்ப எண்ணைக் கொடுக்கும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறும். அதைத் திகதியோடு எழுதிப் பெனல் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள், ஈரம் புகாத உறையில். அடுத்த முறை பழுதுபார்க்க வருபவர் முதலில் அந்த எண்ணைத் திரையோடு ஒப்பிடட்டும். மாறியிருந்தால், பழுதைத் தேடுமுன் யார் மாற்றினார் என்று கேட்கட்டும். பிறகு 11ஆம் பகுதியை முழுதாக மறுபடி செய்யட்டும், மாறியது ஒரு வரி மட்டும்தான் என்று யார் சத்தியம் செய்தாலும்.